ஈயக் கோட்டிலிருந்து தொடங்குதல்: மெல்போர்னின் ஃபெர்குசன் – யூரி சாளரங்கள்

வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் முன் நிற்பவரின் கண் முதலில் நிறத்தில் படிகிறது. பிறகு அந்த நிறத்துக்குள் நிற்பவர் யார், அங்கே நடப்பது என்ன என்று உருவத்தைத் தேடுகிறது. நிறத்தைச் சில்லு சில்லாகப் பிரித்தும் அதே நேரத்தில் ஒன்றாகப் பிடித்தும் நிற்கிற கரிய ஈயக் கோட்டை நிதானித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா குடியேற்றத்தில் 1853 முதல் 1899 வரை இயங்கிய ஃபெர்குசன் – யூரி நிறுவனத்தின் சாளரங்களை, குறிப்பாக அதன் முதல் இருபது ஆண்டுகளில் உருவானவற்றை, இந்த வழக்கமான வரிசையில் பார்த்தால் அவற்றின் சிறப்பில் பாதி நழுவிப்போகும். ஐரோப்பாவின் பெரும் பட்டறைகளில் வரையப்பட்ட உருவங்களின் நளினம் இவற்றில் இல்லை. நிறங்களும் சற்று உரக்கவே பேசுகின்றன. ஆனால் ஈயத்தில் தொடங்கி நிறத்துக்கு வருகிற கண்ணுக்கு இவை வேறொரு முகத்தைக் காட்டும். ஏனெனில் இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் ஓவியத்திலிருந்து கண்ணாடிக்கு வந்தவர்கள் அல்லர். கூரை வேய்ந்தும் குழாய் பதித்தும் சன்னலுக்குக் கண்ணாடி பொருத்தியும் பிழைத்த கட்டடத் தொழிலாளர்கள்.

ஜேம்ஸ் ஃபெர்குசன், ஜேம்ஸ் யூரி இருவரும் ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர்கள். யாரா ஆற்றங்கரையில், குலின் பழங்குடியினரின் நிலத்தில், 1835இல் குடியேறிகள் அமைத்த மெல்போர்ன், 1851இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட செய்தி பரவியதும் உலகத்தின் பார்வைக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸிலிருந்து விக்டோரியா தனிக் குடியேற்றமாகப் பிரிந்ததும் அதே ஆண்டில்தான். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 77,000 ஆக இருந்த குடியேறிகளின் தொகை, பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. வந்து இறங்கியவர்களுக்குத் தங்க வீடில்லாமல், 1852இல் ஆற்றின் தென்கரையில் கூடாரங்களாலேயே ஒரு நகரம் எழுந்து ‘கேன்வாஸ் டவுன்’ என்ற பெயரும் பெற்றது. இத்தகைய ஊரில் தங்கம் தோண்டப் போனவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்ப, கூரை போடத் தெரிந்தவர்களுக்கு வேலை காத்துக்கிடந்தது. இவ்விரு ஸ்காட்லாந்துக்காரர்களும் 1853இல் நகரின் வடபுறத்தில், இன்று நார்த் மெல்போர்ன் என்றும் அன்று சில காலம் ஹாதம் என்றும் அழைக்கப்பட்ட பகுதியின் கர்சன் தெருவில், பிளம்பிங், கூரை வேய்தல், கண்ணாடி பொருத்துதல் ஆகிய மூன்று தொழில்களையும் சேர்த்துச் செய்யும் கடையைத் திறந்தார்கள்.

மூன்று தொழில்களை ஒரே பலகையில் எழுதிவைத்தது இன்றைய வாசகருக்கு, கிடைத்ததையெல்லாம் செய்யும் குடியேறிகளின் சாமர்த்தியமாகத் தோன்றலாம். உண்மையில் பிரிட்டனில் இவை நெடுங்காலமாகவே உடன்பிறந்த தொழில்கள். அவற்றை இணைத்தது ஈயம். சிலேட்டு ஓட்டுக் கூரை, அதாவது மெல்லிய தகடுகளாகப் பிளக்கப்பட்ட கரும்பாறைப் பலகைகளை ஆணியடித்து வேய்கிற கூரை, எங்கே மதிற்சுவரைத் தொடுகிறதோ, எங்கே இரண்டு சரிவுகள் சந்தித்து ஓடை போலக் குழிகின்றனவோ, அங்கெல்லாம் மழைநீர் உள்ளே புகாமலிருக்க ஈயத் தகட்டை மடித்துச் செருக வேண்டும். அந்தக் காலத்துத் தண்ணீர்க் குழாயும் தொட்டியின் உட்பூச்சும் ஈயமே. சன்னலில் சிறு கண்ணாடித் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைப்பதும் ஈயப் பட்டைதான். மென்மையான, கையால் வளைக்கக்கூடிய, குறைந்த சூட்டில் உருகுகிற, துருப்பிடிக்காத இந்த உலோகத்தின் குணங்களை அறிந்த கை கூரையிலும் வேலை செய்யும், குழாயிலும் வேலை செய்யும், சன்னலிலும் வேலை செய்யும். வெயிலில் ஈயம் எவ்வளவு விரிகிறது, தன் எடையாலேயே காலப்போக்கில் எப்படித் தொய்கிறது, பற்றவைத்த இடம் எப்போது விட்டுப்போகிறது என்பதையெல்லாம் கூரைமேல் நின்று கற்றவர்கள், பின்னாளில் நிறக் கண்ணாடியைக் கையில் எடுத்தபோது அந்த அறிவைக் கூரையிலேயே விட்டுவிட்டு வரவில்லை.

முதல் எட்டு ஆண்டுகளில் நிறுவனத்தின் கண்ணாடி வேலை பெரும்பாலும் நிறமற்றதாகவே இருந்திருக்க வேண்டும். வண்ணச் சாளரப் பிரிவு உருப்பெறுவது 1861இல் ஜான் லாம்ப் லயன் வந்து சேர்ந்த பிறகே. கிளாஸ்கோவில் தொழில் பழகி, லண்டனில் வார்டு அண்டு ஹியூஸ் என்ற பெயர்பெற்ற பட்டறையில் பணியாற்றிய லயன், கண்ணாடியில் வண்ணம் தீட்டிச் சூளையில் சுடுகிற முறையை நன்கு அறிந்தவர். அவர் வந்த காலமும் வாகானது. தங்கப் பணத்தால் நிலைபெற்ற சபைகள், முதலில் எழுப்பிய மரக்கூடங்களையும் தகரக் கொட்டகைகளையும் விட்டுவிட்டு, ‘புளூஸ்டோன்’ என்று உள்ளூரில் அழைக்கப்படும் எரிமலைக் கருங்கல்லால் நிலையான தேவாலயங்களைக் கட்டத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு தேவாலயத்திலும் கோதிக் பாணியில், நீண்டு ஒடுங்கி மேலே கூரிய வளைவாக முடியும் ‘லான்செட்’ சாளரங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கான கண்ணாடியை இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம். ஆனால் ஓவியம் அனுப்பி, ஒப்புதல் பெற்று, செய்து முடித்ததைப் பெட்டியிலிட்டுக் கடல் கடத்திக் கொண்டுவர ஆகும் மாதங்களும், வந்து பிரித்தால் உடைந்திருக்குமோ என்ற அச்சமும், அளவு சற்றுப் பிசகியிருந்தால் திருத்த ஆளில்லாத நிலையும் உள்ளூர்ப் பட்டறைக்கு இடம் கொடுத்தன. கூரைக்கும் மழைநீர்க் குழாய்க்கும் கட்டடக்கலைஞரிடம் ஏற்கெனவே பேசிப் பழகியவர்களே சாளரத்துக்கும் விலை சொன்னபோது அதை மறுப்பதற்குக் காரணம் அதிகமில்லை.

உள்ளூர்ப் பட்டறை என்றாலும் கண்ணாடி உள்ளூரில் ஊதப்பட்டதல்ல. மெல்போர்னில் 1872இல் ஃபெல்டன் – கிரிம்வேட் நிறுவனத்தார் தொடங்கிய கண்ணாடி உலைகூடப் புட்டி செய்வதற்கானதே. ஆகவே நிறக் கண்ணாடித் தகடுகள் கப்பலில்தான் வந்தன. அக்காலத்தில் இங்கிலாந்தில் கிடைத்த தகடுகள் இரண்டு வகைப்பட்டவை. சண்டர்லேண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ட்லி 1847இல் உரிமம் பெற்ற உருளைத் தகடு, உருகிய கண்ணாடியை மேசைமேல் ஊற்றி உருளையால் தேய்த்துப் பரப்புவதால் ஒரு பக்கம் மெல்லிய சொரசொரப்பு கொண்டது, ஒளியை விடும், எதிர்ப்புறத்துக் காட்சியை விடாது, விலையும் குறைவு. மற்றது ‘ஆன்டிக்’ கண்ணாடி எனப்படுவது. பழமையானது என்ற பொருள்படும் பெயர் இருந்தாலும் இது புதிய கண்ணாடிதான். இடைக்காலச் சாளரங்களின் ஆழ்ந்த நிறம் ஏன் நவீனக் கண்ணாடியில் வரவில்லை என்று வருந்திய சார்லஸ் வின்ஸ்டன் என்ற வழக்கறிஞர், பழைய சில்லுகளை வேதியியல் முறைப்படி பகுத்தறியச் செய்து, லண்டனின் பவல் கண்ணாடி ஆலையைக் கொண்டு 1850களில் மீண்டும் செய்வித்த வகை அது. வாயால் ஊதப்படுவதால் அதில் குமிழும் கோடும் தடிப்பு வேறுபாடும் இருக்கும். அந்தக் குறைகளே ஒளியைச் சிதறடித்து நிறத்துக்கு உயிர் கொடுக்கின்றன. குடியேற்றப் பட்டறைகளின் சாளரங்களில் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன, அந்தக் கலப்பைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமாகாது. அமைதியான உருளைத் தகட்டுப் பரப்புக்கு நடுவே நெளிந்து மின்னும் ஊதுகண்ணாடிச் சில்லு வைக்கப்படும்போது, கண் எங்கே தங்க வேண்டும் என்பதைப் பொருளே சொல்லிவிடுகிறது.

சாளரம் உருவாகும் வழியை அறிந்துகொண்டால் ரசனை கூர்மைப்படும். முதலில் கல்லில் அமைந்த திறப்பின் சரியான வடிவத்தை வார்ப்புருவாக எடுத்துக்கொண்டு, அதே அளவில் ‘கார்ட்டூன்’ என்னும் முழு அளவு வரைபடம் தீட்டப்படும். அதிலிருந்து வெட்டுக் கோடுகள் மட்டும் தனியே படியெடுக்கப்பட்டு, ஈயத்தின் நடுத்தண்டுக்கு வேண்டிய இடைவெளியைக் கழித்து, ஒவ்வொரு சில்லும் வைர முனையால் கீறி முறிக்கப்படும். வளைந்த ஓரங்களைக் குறடு கொண்டு கடித்துக் கடித்துச் சீராக்குவார்கள். இரும்பு ஆக்சைடும் எளிதில் உருகும் கண்ணாடித் தூளும் சேர்ந்த கரும்பழுப்பு வண்ணத்தைப் பிசின் நீரில் குழைத்து, முகத்தின் கோடுகளையும் இலையின் நரம்புகளையும் எழுதுவார்கள். பின்னர் அகன்ற மென்மயிர்த் தூரிகையால் மெல்லிய பூச்சைப் பரப்பி, காய்ந்ததும் குச்சியாலும் முரட்டுத் தூரிகையாலும் அதைச் சுரண்டி ஒளியைத் திறப்பார்கள். இங்கே வரைவது என்பது பெரும்பாலும் அழிப்பதே. தாளில் வெள்ளையை விட்டுவைப்பதைப்போல் கண்ணாடியில் ஒளியைப் பூச்சுக்குள்ளிருந்து மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. அதன்பின் ஏறக்குறைய 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் சூளையில் வைக்கப்படும்போது வண்ணம் கண்ணாடியின் மேற்பரப்போடு ஒன்றிவிடுகிறது. சூடு குறைந்தால் வண்ணம் ஒட்டாது, கூடினால் கோடு மங்கும். சூளையின் உட்புறத்தைக் கண்ணால் பார்த்துச் சூட்டை அளந்த காலத்தில், ஒரு முகம் பிழைப்பதும் போவதும் சூளைக்காரரின் அனுபவத்தைச் சார்ந்தே இருந்தது.

மஞ்சள் நிறத்துக்கு மட்டும் வேறு வழி உண்டு. வெள்ளி உப்பைக் களிமண்ணில் கலந்து சில்லின் வெளிப்புறத்தில் பூசிச் சுட்டால், வெள்ளி கண்ணாடிக்குள்ளேயே ஊடுருவி, எலுமிச்சை நிறத்திலிருந்து ஆழ்ந்த தேன் நிறம் வரை தருகிறது. களிமண்ணைத் துடைத்தெடுத்த பிறகு பூச்சு ஏதும் மிஞ்சுவதில்லை, நிறம் மட்டும் நிற்கிறது. வெள்ளிக் கறை என்று சொல்லத்தக்க இம்முறை பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பாவில் வழங்குவது. இதன் பயன், ஒரே சில்லில் வெண்மையும் மஞ்சளும் ஈயக் கோடு குறுக்கிடாமல் அமைவது. சிவப்போ இதற்கு நேர் எதிரானது. செம்பு கலந்த சிவப்புக் கண்ணாடி முழுத் தடிப்பில் கறுத்துவிடுமென்பதால், நிறமற்ற கண்ணாடியின்மேல் மெல்லிய சிவப்புத் தோலாக மட்டும் அது ஏற்றப்படுகிறது. அந்தத் தோலை அமிலத்தால் அரித்தால் சிவப்புக்குள்ளே வெள்ளைப் பூவை மலரச் செய்யலாம்.

சுட்ட சில்லுகள் மேசைமேல் வந்த பிறகு தொடங்குவது ஈய வேலை. சிறு ஆலையின் சக்கரங்களுக்கிடையே இழுக்கப்பட்ட ஈயப் பட்டை, குறுக்கு வெட்டில் பார்த்தால், இரண்டு தட்டைச் சிறகுகளை ஒரு நடுத்தண்டு இணைப்பதுபோல இருக்கும்; சிறகுகளுக்கு இடையிலுள்ள இருபுறத்துப் பள்ளங்களிலும் கண்ணாடி ஓரங்கள் செருகப்படுகின்றன. மேசையின் மூலையிலிருந்து தொடங்கி, ஒரு சில்லு, ஒரு பட்டை, மறு சில்லு என்று ஆணியால் நிறுத்தி நிறுத்தி முன்னேறி, சந்திப்புகளிலெல்லாம் பற்றாசு, அதாவது ஈயமும் தகரமும் கலந்த பற்றுலோகம், உருக்கி வைக்கப்படும். இறுதியில் சுண்ணத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் குழைந்த கருஞ்சாந்தைத் தூரிகையால் தேய்த்துச் சிறகுகளுக்கடியில் புகுத்துகிறார்கள். மழை உள்ளே வராமலும் காற்றில் சாளரம் கடகடக்காமலும் காப்பது அதுவே. கட்டடத்தில் நிறுத்தும்போது குறுக்கே இரும்புக் கம்பிகள் பதிக்கப்பட்டு, ஈயத்தில் பற்றவைத்த செம்புக் கம்பி முறுக்கால் சாளரம் அவற்றோடு கட்டப்படுகிறது. இந்தக் கடைசிப் பகுதியில் பிளம்பருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

இனி ஒரு சாளரத்தை அருகில் சென்று காணலாம். லயன் வந்த பின் 1860களில் இப்பட்டறை மிகுதியாகச் செய்தது உருவச் சாளரமல்ல, அணிச் சாளரம். அதாவது மனித உருவமின்றி வடிவியல் கோலங்களாலும் இலைப் பின்னல்களாலும் ஆனது. உருவங்களைத் தயக்கத்தோடு நோக்கிய பிரஸ்பிட்டேரியன், வெஸ்லியன் சபைகளுக்கு அது ஒத்துவந்தது. வண்ணச் சாளரங்களுக்குச் சதுர அடிக் கணக்கில் விலைபேசப்பட்ட காலத்தில் எளிய சபைகளின் பைக்கும் ஒத்துவந்தது. அதன் நடுப்பரப்பு முழுவதும் சாய்சதுரச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் சிறியதொரு பூவோ இலைக்கொத்தோ அச்சுத்தகடு வைத்துத் தீட்டப்பட்டிருக்கும். தொலைவிலிருந்து அது தனிப் பூவாகத் தெரியாமல், வெளிர் ஒளிக்கு ஒரு நெசவுத் தன்மையைத் தரும். நடுவில் ஒன்றோ மூன்றோ வட்டப் பதக்கங்கள். அவற்றுள் சிலுவை, ஆட்டுக்குட்டி, திறந்த வேதநூல் போன்ற குறியீடுகள். ஓரத்தில் அழுத்தமான சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும் கரை. அந்தக் கரையில் அடிக்கடி காணப்படுவது, சவரக் கடைக் கம்பத்தில் சுற்றும் பட்டையைப்போல் இரு நிறங்கள் முறுக்கிச் செல்லும் ஒடுங்கிய நாடா. இந்நிறுவனத்தின் வேலையை அடையாளம் காண்பதற்கு இன்று உதவும் கூறுகளில் அதுவும் ஒன்று.

இந்தக் கரை வெறும் அலங்காரமன்று. நீலக் கண்ணாடி ஒளியூட்டப்பட்டால் தன் எல்லையைத் தாண்டிப் பரவி அக்கம்பக்கத்து நிறங்களையும் நீலமாக்குகிறது, சிவப்போ தன் இடத்திலேயே நிற்கிறது என்பதைப் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-டுக் தம் கட்டடக்கலை அகராதியின் சாளரக் கட்டுரையில் 1868இல் விரித்துரைத்தார். இப்பரவலை அடக்கி வைப்பது ஈயத்தின் கருமையும் அகலமும். ஃபெர்குசன் – யூரி கரைகளில் நீலச் சில்லின் இருபுறமும் சற்றே அகன்ற பட்டை இடப்பட்டிருப்பதையும், சாய்சதுரப் பரப்பில் மெல்லிய பட்டையே போதுமென்று விடப்பட்டிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, அவர்கள் கோட்பாட்டைப் படித்தார்களோ இல்லையோ, கண்ணும் கையும் அதை அறிந்திருந்தன என்பது விளங்கும். நிறக் கரைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விரற்கடை அகலத்தில் வெண்கண்ணாடிக் கீற்று ஓடுவதையும் காணலாம். நிறத்தைக் கல்லின் இருளிலிருந்து விலக்கிக் காட்டுவது அதன் ஒரு பயன். கொத்தனார் கட்டிய திறப்பு வரைபடத்திலிருந்து கொஞ்சம் கோணியிருந்தால், கோலத்தைத் தொடாமல் இந்தக் கீற்றை மட்டும் செதுக்கிப் பொருத்திவிடலாம் என்பது மறு பயன். சுவர்கள் ஒருநாளும் வரைபடத்தைப்போல் நேராக நிற்பதில்லை என்பதைக் கட்டடத் தளத்தில் பல ஆண்டுகள் கழித்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒளியும் புதிய கணக்கைக் கேட்டது. கிளாஸ்கோ ஏறக்குறைய 56 பாகை வட அட்சத்தில் இருக்கிறது, மெல்போர்ன் ஏறக்குறைய 38 பாகை தென் அட்சத்தில். முன்னதன் மங்கிய வானத்துக்காக வளர்ந்த கலை, பின்னதன் கூசும் வெயிலில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. அதோடு திசையும் புரண்டுவிட்டது. ஐரோப்பியத் தேவாலயத்தில் பீடத்தைக் கிழக்கே நோக்கினால் நண்பகல் வெயில் வலப்புறத் தென்சுவரில் விழும். மெல்போர்னில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால் இடப்புற வடசுவரில் விழுகிறது. இங்கிலாந்தில் வடக்குச் சாளரத்துக்கு ஏற்றதென்று கருதப்படும் வெளிர் கண்ணாடி, இங்கே வடக்கே வைக்கப்பட்டால் உள்ளிருப்பவர்களின் கண்ணைக் கூசச்செய்யும். நேர்வெயிலில் மெல்லிய வண்ணப்பூச்சு கரைந்து காணாமற்போய், முகக்கோடுகள் மட்டும் ஒளியில் தத்தளிக்கும். இப்பட்டறையின் நிறங்கள் முரட்டுத்தனமானவை என்று குறை சொல்பவர்கள், ஒரு கோடை நண்பகலில் வடசுவரின் கீழ் நின்று அவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது. அந்த வெயிலில் ஆழ்சிவப்பும் கடுநீலமும்தான் நிறமாக நிற்கின்றன, இளஞ்சாயல்களெல்லாம் வெளுத்துவிடுகின்றன. ஆயினும் இது எல்லாக் குறைகளுக்கும் விடையாகாது. தெற்குச் சுவரின் தணிந்த ஒளியில் அதே சிவப்பும் நீலமும் இறுகிப்போய், நடுப்பரப்போடு ஒட்டாமல் நிற்கும் சாளரங்களும் உண்டு. திசை பாராமல் ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பச் செய்த வேகத்தின் விளைவு அது.

உருவச் சாளரங்களில் முதன்மையாகக் கருதத்தக்கது தேவாலயத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. நாடக அரங்குகளை நடத்திவந்த ஜார்ஜ் கோப்பின், மெல்போர்ன் போர்க் தெருவில் கட்டிய ஹேமார்க்கெட் அரங்கின் அப்பல்லோ இசைக்கூடத்துக்காக 1862இல் இப்பட்டறை ஷேக்ஸ்பியரின் முழு உருவத்தைச் சாளரமாகச் செய்தது. லயன் சேர்ந்து ஓராண்டே ஆகியிருந்த நிலையில், பத்தாண்டுக்கு முன் கூடாரங்கள் நின்ற ஊரில், ஆங்கில நாடகத்தின் மூலவரை ஆளுயரத்தில் கண்ணாடியில் நிறுத்த முனைந்தது துணிவுதான். அரங்கு 1871இல் தீக்கிரையானது. சாளரமோ பிழைத்து, இன்று விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது. நெருங்கி நோக்கினால், முகத்தையும் கைகளையும்விட உடையிலும் சுற்றியுள்ள அலங்காரச் சட்டத்திலுமே பட்டறையின் திறமை முழுமையாக வெளிப்படுகிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். புனித உருவங்களிலும் இதே நிலைதான். மடிப்புகள் கம்பீரமாக விழுகின்றன, முகங்கள் சற்றே மரத்திருக்கின்றன. 1863இல் டேவிட் ரெல்ஃப் டிரேப் என்ற ஆங்கில ஓவியர் சேர்ந்த பிறகு உருவங்களில் நெகிழ்வு கூடியது. 1882இல் இறக்கும்வரை அவர் இந்நிறுவனத்தின் முக்கியக் கலைஞராக விளங்கினார்.

விக்டோரியாவின் உட்பகுதித் தங்க ஊர்களான பல்லாரட்டுக்கும் பெண்டிகோவுக்கும் 1862இல் ரயில் பாதை திறக்கப்பட்டது, சாளரத் தொழிலுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. இரண்டு அடி, மூன்று அடிப் பகுதிகளாகப் பிரித்துச் செய்து பெட்டியிலிட்டு அனுப்பி, அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்துவது இக்கலையின் இயல்பான வழிமுறை. மாட்டுவண்டிப் பாதையின் குலுக்கலை ரயில் தவிர்த்தது. டாஸ்மேனியா, தெற்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரையிலும் இந்நிறுவனத்தின் சாளரங்கள் சென்றன. 1866இல் லயன் பங்குதாரராகி, நிறுவனம் ஃபெர்குசன், யூரி, லயன் என்று மூவர் பெயரையும் தாங்கியது. அந்த ஆண்டு மெல்போர்னில் தொடங்கிய குடியேற்றங்களுக்கு இடையிலான பொருட்காட்சியிலும் அது பங்கேற்றது. ஆனால் அப்பெயர் ஏழாண்டுகளே நீடித்தது. லயன் 1873இல் பிரிந்து சிட்னிக்குச் சென்று, கிளாஸ்கோவில் தம்மோடு தொழில் பழகிய டேனியல் காட்டியருடன் சேர்ந்து ‘லயன், காட்டியர்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே அவர் கைவழி வெளிவந்த சாளரங்களில் மங்கிய பொன்னும் ஒலிவப் பச்சையும் வெளிர் பழுப்பும் இடம்பிடித்தன. வீட்டு அறைகளின் சுவர் அலங்காரத்தோடு இழைந்துபோகும் அந்த நுட்பத்தைப் பார்க்கும்போது, கர்சன் தெருவின் சிவப்பும் நீலமும் லயனின் சொந்த விருப்பத்தைவிட அந்தப் பட்டறையின் பழக்கத்தையே அதிகம் காட்டின என்று எண்ணத் தோன்றுகிறது.

மெல்போர்ன் நிறுவனமும் வீடுகளுக்குள் நுழையாமல் இல்லை. சன்பரியில் சர் வில்லியம் கிளார்க்குக்காக 1874 முதல் 1876 வரை எழுந்த ரூபர்ட்ஸ்வுட் மாளிகையில் அதன் வண்ணச் சாளரங்கள் பெருந்தொகுதியாக உள்ளன. 1882 கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே விருந்தினராகத் தங்கிய இங்கிலாந்து கிரிக்கெட் அணித்தலைவர் ஐவோ பிளைக்கு வேடிக்கையாக அளிக்கப்பட்ட சிறு கலசமே ‘ஆஷஸ்’ கோப்பையானது. கிரிக்கெட் ரசிகர்கள் அந்த மாளிகையை அதற்காக மட்டும் தேடிப்போய், படிக்கட்டுக்கு மேல் நிற்கும் கண்ணாடியை நிமிர்ந்து பாராமல் திரும்பினால் அவர்களுக்குத்தான் இழப்பு. ஆயினும் மாளிகையின் செழுமையைவிட, ஒரு சிறு கருங்கல் தேவாலயத்தின் பக்கச்சுவரில் நிற்கும் 1860களின் அணிச் சாளரமே இந்தப் பட்டறையின் இயல்பான குரலைக் கேட்கத் தகுந்த இடம். அங்கே ஈயம், கல், கண்ணாடி மூன்றும் ஒரே தொழிற்குடும்பத்தின் பேச்சாக இருக்கின்றன.

அந்தச் சாளரங்களில் பலவற்றில் கையொப்பமில்லை. ஆகவே முறுக்கு நாடாவும் கரையின் நிற வரிசையும் சாய்சதுரங்களில் பதிந்த பூவின் வடிவமும் சான்றுகளாகின்றன. ஈயமோ நிரந்தரமானதன்று, நூறாண்டு கடந்தால் வெயிலின் விரிவு சுருக்கத்தால் களைத்து, பற்றுப் பிளந்து, சாளரம் வயிறு தள்ளி நிற்கத் தொடங்கும். அப்போது சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய ஈயத் தடத்தைத் தாளில் தேய்த்துப் படியெடுத்து, புதுப் பட்டையில் மீண்டும் பூட்ட வேண்டியிருக்கிறது. பழைய பட்டையின் அகலத்தையே புதியதிலும் பேணுவதைச் செம்மைப் பணியாளர்கள் வற்புறுத்துவது கண்ணுக்கு விளங்கும் காரணத்தாலேயே: கரையில் அகன்ற ஈயம் இருந்த இடத்தில் மெல்லியது வைக்கப்பட்டால், நீலம் வரம்பு கடந்து அடுத்த வெண்கீற்றில் வழிந்து, சிவப்பின் ஓரத்தை ஊதாவாக்கி, சாய்சதுரங்களின் வெளிர் ஒளியிலும் கலந்துவிடுகிறது.